நாலாவது கல்

கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் பாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் பாய் விரித்து ஜெபக்கூட்டத்துப் பெண்கள். பக்கத்து வீட்டுச் சென்னம்மா பின்னறைக் கதவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டியிருந்தாள். கம்பெனி ஆட்கள் வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில். நாற்காலி போதாததால், சொந்த ஊர் பேரிகையிலிருந்து வந்த கொழுந்தன் எட்சன் மட்டும் மனையின் மூலையில், வேப்பமரத்து நிழலில், எதன் மேலோ குந்தியிருந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். பெட்டிக்குள் எட்சனின் அண்ணன் அருள்ஜோசப். பெட்டியை ஒட்டி அவன் மனைவி ஜெபசீலி.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பந்தலைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினான் வந்தவன். ஜெபசீலி எழுந்து வெளியே ஓடினாள்.

"சார், போகாதீங்க."

வீட்டுக்கு மதிப்புப் போட பேங்க் அனுப்பிய வேல்யூவர் இளம்பரிதி. கிருஷ்ணகிரிக்காரன். ஹெல்மெட்டைக் கழற்றவும் தயங்கினான். "தெரியாதுங்க மேடம். அடுத்த மாசம் வர்றேன்."

"இன்னிக்கே அளந்துடுங்க சார்."

போன முறை வந்தபோது பின்னறைச் சாவி கிடைக்கவில்லை. நாலாவது எல்லைக்கல் விறகுக் குவியலுக்கடியில் கிடந்தது. பார்க்காததை எழுத மாட்டேன் என்று போய்விட்டான். மனை ஜெபசீலியின் பெயரில். வாடகை வீட்டுப் பையன்களுக்கு இட்லி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, ஜூஜுவாடியில் ஒரு கம்பெனியின் காலை டிபன் மொத்தமும் தேடி வந்திருந்தது. பெரிய அடுப்படி கட்ட வேண்டும். கடனுக்கு மற்ற எல்லாம் முடிந்து, வீட்டு மதிப்பு மட்டும்தான் பாக்கி. முடியுமா முடியாதா என்பதை இன்று சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் கேன்டீன் மேனேஜர். தப்பினால் வேறு ஆள் தயார்.

மூலையிலிருந்து எட்சன் குரல் கொடுத்தான். "அண்ணி, அண்ணன் அங்க கெடக்கறாரு. இப்ப போயி டேப்பு புடிக்கணுமா? இட்லி சுட்டதெல்லாம் போதும். வீட்ட வித்துட்டு ஊருக்கு வந்துடுங்க. ஒரு ரூம்பு ஒதுக்கித் தரமாட்டமா?"

ஜெபசீலி வேல்யூவரைப் பார்த்து, "செருப்பு இருக்கட்டும் சார், வாங்க" என்றாள்.

டேப்பைக் கண்டதும் சென்னம்மா பதறினாள். "சவப்பெட்டிக்குக் காலையிலயே அளவெடுத்தாச்சே! மறுபடி எதுக்குப்பா? மனுசன் என்ன அதுக்குள்ள வளந்துட்டாரா?"

"பெட்டிக்கு இல்லக்கா, வீட்டுக்கு. கொஞ்சம் நகந்து உக்காரு, கதவத் தொறக்கணும்."

ஆணியில் தொங்கிய கம்பி வளையத்தை எடுத்தாள். சாவி ஒவ்வொன்றிலும் ஒரு தகரச் சீட்டு. கம்பெனி ஸ்டோரில் காலமெல்லாம் ஆடிட்டுக்குப் பொருள் அடுக்கிய அருள்ஜோசப்பின் கைவேலை அது. 'கேக்கறதுக்கு முன்னாடி காட்டிடணும்டி. தேடவிட்டா சந்தேகம் வரும்' என்பான். ஒரு வாரமாக, மூச்சு வாங்க வாங்க, மீட்டர் பெட்டி மேலிருந்த பழைய துணியை எடுத்தான். கதவு எண்ணை மறைத்த செம்பருத்தியை வெட்டினான். விறகை இடம் மாற்றினான். இன்று விடியலில் காபி கேட்டான். அவள் கொண்டுவருவதற்குள் போய்விட்டான்.

கூடத்தில் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை. பாஸ்டரே எழுந்து பிடித்துக்கொண்டார். "நீங்க பாடுங்கம்மா" என்றார் பெண்களிடம். பாட்டு நிற்கவில்லை; டேப் வந்த பக்கம் மட்டும் காலை மடக்கிக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டி குறுக்கே வந்தபோது இளம்பரிதி திகைத்து நின்றான்.

"கீழ விட்டு இழுங்க சார். அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

பின்னறை, சமையற்கட்டு, தண்ணீர்த் தொட்டி, மீட்டர் பெட்டி. அவன் வாயைத் திறக்குமுன் அவள் கதவைத் திறந்தாள். "மத்த வீட்டுல சாவி தேடியே பாதி நாள் போயிடும் மேடம்" என்றான்.

வெளியே மூன்று மூலையிலும் எல்லைக்கற்கள் மஞ்சள் பெயிண்டில் பளிச்சென்று நின்றன. நாலாவதைக் காணோம்.

"போன தடவையும் இதேதான் மேடம்" என்று பேனாவை மூடினான் இளம்பரிதி.

"கல்லெல்லாம் இங்க ஒண்ணுமில்ல சார்" என்றான் எட்சன்.

ஜெபசீலி அவன் முன்னால் போய் நின்றாள்.

"எட்சன், எந்திரி."

"எதுக்கு அண்ணி?"

"எந்திரிப்பா."

பசை விட்டுப்போகிற சத்தத்தோடு எழுந்தான். அடியில் கல். அதன் தலையில் மஞ்சள் பாதிதான் இருந்தது. மீதி எட்சனின் வெள்ளை பேன்ட்டில், சதுரமாக.

பந்தலில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கம்பெனி ஸ்டோர்க்காரர் வெங்கடப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆடிட் முடியற வரைக்கும் எவனையும் சரக்கு மேல உக்கார விடமாட்டான் எங்க ஜோசப்பு." யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். பாஸ்டர் டேப்போடு திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஜெபசீலி குனிந்து கல்லைத் தொட்டாள். விரலில் ஒட்டியது. நேற்று இருட்டுகிற நேரத்தில் அருள்ஜோசப் இங்கேதான் குந்தியிருந்தான், பிரஷ்ஷோடு. உள்ளே வந்து படுங்க என்று கத்தினாள். 'இன்னொரு கோட்டு பெயிண்ட் அடிச்சாத்தான் போட்டோல தெரியும்' என்றான்.

விரலை அவள் துடைக்கவில்லை.

"வீட்டுக்காரங்க வீட்டு முன்னாடி நிக்கணும்" என்றான் இளம்பரிதி, தரையைப் பார்த்து. "போட்டோ கேப்பாங்க. சும்மா ஒண்ணு போதும்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகி, கதவு எண்ணுக்குக் கீழே நிமிர்ந்து நின்றாள். படத்தைப் பார்த்துத் தலையசைத்தான். "வீடு பக்கா மேடம். நீங்க கேட்டதுக்கு மேலயே மதிப்பு வரும். நாளைக்கே ரிப்போர்ட் போயிடும்."

பின்கட்டில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் படித்தபடியே, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு எழுதினாள். வரும் ஒன்றாம் தேதி முதல் காலை டிபன் தருவதற்குச் சம்மதம். கையெழுத்து. துக்க வீட்டுக்கென்று சென்னம்மா கொண்டுவந்திருந்த சோற்றில் நாலு பருக்கை எடுத்து நசுக்கி, கவரை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

"எட்சன், ஜூஜுவாடி கம்பெனி கேட்டுல குடுத்துட்டு வந்துடு. சாயங்காலத்துக்குள்ள சேரணும்."

"நானா?"

"வண்டி உன்கிட்டதான இருக்கு."

வாங்கிக்கொண்டான். திரும்பிப் பார்த்துப் பேன்ட்டைத் தொட்டான். "இது போவுமா அண்ணி?"

"வந்து பாத்துக்கலாம், போ."

உள்ளே அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். தெருக்கோடியில் நின்ற தன் பைக்கை நோக்கி, கவரை நெஞ்சோடு பிடித்தபடி எட்சன் நடந்தான். வெள்ளைத் துணியில் அந்த மஞ்சள் சதுரம் வெயிலில் மினுங்கிக்கொண்டே போனது. திருப்பத்தில் மறையும்வரை ஜெபசீலி வாசலிலேயே நின்றாள்.