மரியாதை தெரியாத ஹோட்டல்

புகழ்ந்து எழுதியவனை விட்டுவிடு, திட்டி எழுதியவனைப் படி. இதுதான் வடிகட்டியின் கட்சி. அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அது. ஃப்ரிட்ஜ் செய்கிற கம்பெனியின் புகார்ப் பிரிவில் நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரார் வாயில் வருகிற வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. எவன் நிஜமாகவே வயிறெரிந்து பேசுகிறான், எவன் ஓசியில் புதுப் பெட்டி கேட்டு நாடகம் போடுகிறான் என்று வாய் திறந்த உடனே வடிகட்டிச் சொல்லிவிடுவாள்.

அந்த வாரம் மதிய இடைவேளைகளில், பக்கத்து இருக்கைக்காரியின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு துறைமுக ஊரின் ஹோட்டல்களைப் பற்றி யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துத் தள்ளினாள். உல்லாசப் பயணம் ஒன்றுமில்லை. புருஷனிடமிருந்து தப்பி ஓட வேண்டும், அதற்குத்தான்.

அவன் அடிப்பான். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? போன மாதம் அவள் விரல்களை அலமாரி இழுப்பறையில் வைத்து, இடுப்பால் தள்ளி மூடினான். சாப்பாடு ஆறிப்போயிருந்ததாம். தெருவில் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். அடுத்த தடவை கழுத்துதான் என்று அவனே சொல்லியிருந்தான், பல் தேய்த்துக்கொண்டே.

தங்கை கடலுக்கு அக்கரையில் இருந்தாள். "வாக்கா, வந்து சேரு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் கப்பல் காலையில்தான். முந்தின நாளே போய் அந்தத் துறைமுக ஊரில் ஓர் இரவு தங்கியாக வேண்டும். இவளுக்குத் தங்கையை விட்டால் போக்கிடம் கிடையாது என்பது அவனுக்கும் தெரியும். நேராக அங்கே வந்து ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்குவான். 'ஆமாம் சார், இங்கதான் இருக்காங்க' என்று சொல்லாத ஹோட்டல் ஒன்று வேண்டும். அதற்கென்று எவன் நட்சத்திரம் கொடுக்கிறான்?

'அருமையான அறை, அன்பான ஊழியர்கள், மீண்டும் வருவோம்.' முதலாளியின் மச்சான் எழுதியது, தள்ளு. 'கடல் காட்சி அற்புதம்.' கூடவே போட்ட படத்தில் தெரிந்தது கார் நிறுத்துமிடம், தள்ளு. 'துண்டில் யாரோ ஒருவரின் மீசை முடி.' இது சத்தியமான நிஜம், ஆனால் மீசை முடி கழுத்தை நெரிக்காது, அதையும் தள்ளு. அப்படித் தள்ளித் தள்ளி வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒரே ஒரு நட்சத்திரம்.

'மரியாதை தெரியாத ஹோட்டல். என் மனைவி இங்கே தங்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எந்த அறை என்று கேட்டதற்கு, வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தடிச்சி சொல்ல மறுத்துவிட்டாள். கல்யாணப் போட்டோவைக் காட்டியும் மசியவில்லை. மாடிப்படியில் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். கட்டிய கணவனுக்கே இந்தக் கதி. யாரும் போகாதீர்கள்.'

வடிகட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"லூசாடி நீ?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. "போயும் போயும் ஒத்த ஸ்டார் வாங்கின ஹோட்டலா?"

"இவன் பொய் சொல்லலடி. கோவத்துல இருக்கறவன் தனக்கு எது கிடைக்கலங்கறத மட்டும் கரெக்டா சொல்லுவான்."

கீழே ஹோட்டல்காரர்களின் பதில் இருந்தது. 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட ஊழியர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.' அதைப் படித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இதே வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் தினமும் தட்டச்சு செய்து அனுப்புகிறவள் அவள். எத்தனையோ வருஷமாக அனுப்புகிறாள், ஒரு ஊழியர் மீதாவது நடவடிக்கை என்று ஒரு துரும்பு நகர்ந்ததில்லை. எல்லாம் சும்மா, வாயடைக்கச் சொல்வது. அன்றைக்கே அறை பதிவு செய்தாள்.

ஹோட்டலுக்குள் நுழைந்ததுமே பார்த்தாள். வரவேற்பு மேஜையில் தடிச்சியைக் காணோம். ஒல்லியாக ஒருவன், வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"முன்னாடி இங்க ஒரு அக்கா இருப்பாங்களே?"

"அவங்கள துணி துவைக்கற இடத்துக்கு மாத்திட்டாங்க மேடம். கெஸ்ட் ஒருத்தர் கம்ப்ளெய்ன்ட் எழுதிட்டாரு, மேனேஜர் ஆடிப்போயிட்டாரு. இப்ப நாங்க கெஸ்ட் எது கேட்டாலும் செஞ்சு குடுத்துடறோம்." பல்லழகனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

அட பாவிகளா! உலகத்திலேயே சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே ஹோட்டல் இவளுக்கென்று வந்து வாய்த்திருக்கிறது. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள். எங்கே போவது? தெருவில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவன் கண்ணில் படுவதற்கான நிமிஷம்.

"என்னைத் தேடி யார் வந்தாலும், நான் இங்க இருக்கறத சொல்லக்கூடாது. என் வீட்டுக்காரரே வந்தாலும்."

"கண்டிப்பா மேடம்."

எல்லாருக்கும் 'கண்டிப்பா' சொல்கிறவன் வாயில் அந்த வார்த்தைக்கு என்ன விலை? அவள் பையைக்கூட வைக்காமல் நேராகப் பின்பக்கத் தள்ளுவண்டிச் சரிவில் இறங்கி, துணி துவைக்கும் அறைக்குப் போனாள். சோப்பு ஆவிக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஈரப் போர்வைகள் குவிந்த தள்ளுவண்டி. அதற்குப் பின்னால், முழங்கை வரை சிவந்த கைகளோடு அகலமாக ஒரு பெண்.

"அக்கா, உங்கள நம்பித்தான் இந்த ஹோட்டலுக்கு வந்தேன்."

சலவை அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோணலாகக் கூடியிருந்த விரல்களில் பார்வை நின்றது.

"எந்த ரூம் குடுத்திருக்கான்?"

"மூணாவது மாடி."

"வேண்டாம். தரைத் தளத்துல கடைசி ரூம கேளு, இந்தச் சரிவுக்கு நேர் மேல. ரூம் போன்ல ஒன்பது அடிச்சா இங்க மணி அடிக்கும். பேசணும்னு இல்ல, அடிச்சா போதும்."

"அன்னிக்கு நீங்க காப்பாத்தினீங்களே, அந்தப் பொண்ணு... நல்லபடியா போய்ச் சேந்தாங்களா?"

"எனக்கு வேலை இருக்கு. நீ போய் கதவ சாத்து" என்று அக்கா போர்வையை உதறினாள்.

அறை மாற்றித் தந்தான் பல்லழகன். கண்டிப்பா மேடம். போகிற போக்கில், "தங்கினது பிடிச்சிருந்தா நாலு வார்த்தை எழுதிடுங்க மேடம்" என்றும் கேட்டுவைத்தான். அவள் கதவைப் பூட்டி, நாற்காலியைக் கைப்பிடிக்கு முட்டுக் கொடுத்து, கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கப் போட்டுவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே இன்னும் வெயில் இறங்கவில்லை.

கெட்டில் கொதித்து அடங்கவும் பூட்டில் சாவி திரும்பவும் சரியாக இருந்தது. தட்டக்கூட இல்லை. "உள்ள ஏதோ மாட்டியிருக்கு சார், தள்ளுங்க" என்று பல்லழகனின் குரல் உதவி செய்தது. வழவழத்த தரையில் நாற்காலி சறுக்கிக்கொண்டு போய்விட்டது. அவள் அறை போனில் ஒன்பதை அழுத்தியதும் புருஷன் உள்ளே வந்து நின்றதும் ஒன்றாக நடந்தது.

"தேங்க்ஸ் தம்பி" என்று அவன் சிரித்தபடி கதவைச் சாத்தினான். சாத்தியதும் அந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

முதல் அடி காதில் விழுந்தது. காதுக்குள் என்னவோ கிழிந்தது. இரண்டாவதுக்கு அவள் கீழே கிடந்தாள். தலைமுடியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துத் தூக்கி, முகத்தைக் கண்ணாடியில் மோதினான். கண்ணாடி நொறுங்கியது, நெற்றியும் பிளந்தது. "ஓடுவியா? ஓடுவியாடி?" பதில் வேண்டாத கேள்வி. போன் ஒயரை உருவி அவள் கழுத்தில் சுற்றினான். பல் தேய்த்துக்கொண்டே சொன்ன வார்த்தையை மறக்கவில்லை அவன். கண்ணுக்குள் கறுப்பு ஏற ஏற, அவள் கை பின்னால் துழாவியது. கெட்டில் தட்டுப்பட்டது. தூக்கித் தோளுக்கு மேலே அப்படியே கவிழ்த்தாள்.

அவன் அலறிய அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும். தண்ணீர் அவள் தோளையும் பொசுக்கியது, ஆனால் கழுத்து விட்டுப்போனது. தோல் வழன்ற முகத்தோடு மறுபடி பாய்ந்தான். அந்த நேரம் கதவு படீரென்று திறந்தது. ஈரப் போர்வைக் குவியலோடு தள்ளுவண்டி பாய்ந்து வந்து அவன் முழங்காலுக்குப் பின்னால் இடித்தது.

மடங்கி விழுந்தவன் எழுந்து, சலவை அக்காவின் வாயிலேயே குத்தினான். அவள் இரண்டு பல்லைத் துப்பினாள். அசையவில்லை. கையில் இருந்த தேய்ப்புப் பெட்டியை ஓங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அப்புறம் வடிகட்டி செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விழுந்து கிடந்தவனின் மேல் ஏறி உட்கார்ந்து, வெறும் கெட்டிலால் அடித்தாள். இழுப்பறைக்கு ஒன்று, தங்கமான மனுஷனுக்கு ஒன்று, வருஷக்கணக்காகப் பாத்திரம் விழாமல் மூச்சை அடக்கி நடந்ததற்கு ஒன்று. அவளுக்கு அது பிடித்திருந்தது. அவன் "வேண்டாம், வேண்டாம்" என்று கெஞ்சியது இன்னும் பிடித்திருந்தது. "போதும்மா, செத்துடுவான். இவனுக்காக நீ உள்ள போகணுமா?" என்று அக்கா அவளை இடுப்போடு தூக்கி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு இரண்டு பேருமாக அவனை ஈரப் போர்வையில் வைத்துச் சுருட்டிக் கட்டினார்கள்.

வாசலில் பல்லழகன் வெளிறிப்போய் நின்றான்.

"மனைவிக்கு சர்ப்ரைஸ்னு சொன்னாரு மேடம். சாவி குடுத்ததும் அங்கேயே நின்னு அஞ்சு ஸ்டார் போட்டாரு. நல்லவருன்னு நெனச்சுட்டேன்."

மேனேஜர் ஓடிவந்து, ரத்தத்தைப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து, கடைசியில் அக்காவின் மேல் எரிந்து விழுந்தார். "கெஸ்ட் மேல கை வச்சிருக்கே! இதுக்கு அவர் என்ன எழுதுவாரு தெரியுமா?" அக்கா வாய் ரத்தத்தை ஏப்ரனில் துடைத்து, அந்த ஏப்ரனைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டு நகர்ந்தாள். போலீஸ் வந்து, போர்வையை அவிழ்த்து விலங்கு மாட்டி, அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

காலையில் துறைமுகத்துக்கு அக்காவும் கூடவே புறப்பட்டாள். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கைப்பையில் அந்தத் தேய்ப்புப் பெட்டி.

"அவன்தான் விலங்கோட படுத்திருக்கானே அக்கா. நீங்க எதுக்கு அலையறீங்க?"

"இருக்கட்டும்."

கப்பலில் ஏறுகிற இடத்துக்கு இரண்டு பேரும் நடந்தார்கள். அங்கே வந்ததும், கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நேத்து கேட்டியே, அந்தப் பொண்ணப் பத்தி. அவ மறுநாள் காலையில கெளம்பினா. மேஜைய விட்டு எழுந்து போகக்கூடாதுன்னு ரூல், அதனால நான் உள்ள இருந்தே கையசைச்சு வழியனுப்பினேன். அவ புருஷன் ராத்திரி முழுக்க எதிர்ப் பக்கம் கார்லயே உக்காந்திருந்திருக்கான். அவ தெருவத் தாண்டறதுக்குள்ள கார மேல ஏத்திட்டான். பின்னால எடுத்து இன்னொரு தடவையும் ஏத்தினான். பிரேக் பிடிக்கலன்னு சொன்னான், போலீஸ்ல அன்னிக்கே விட்டுட்டாங்க."

அந்த நட்சத்திரத்தைப் பார்த்து வடிகட்டி அழுதாளே. யாரோ ஒருத்தி பிழைத்துப் போனாள் என்றுதானே அழுதாள்!

"மேனேஜர் அவன் எழுதினத எல்லார் முன்னாடியும் படிச்சு என்னை கீழ அனுப்பினாரு. நான் அத கண்ணால பாக்கல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். வெளிய காத்திட்டு இருந்தப்ப, பொழுது போகாம எழுதினானா? என்ன தேதி போட்டிருக்கு, பாத்து சொல்லு. அவ போனது ஒண்ணாம் தேதி."

அவள் தன் போனை எடுத்துத் தேடினாள். பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் தேதி.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏத்திக் கொன்னுட்டு, வீட்டுக்குப் போய் குளிச்சு, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உக்காந்து எழுதியிருக்கான்" என்றாள். "நான் மரியாதையா பேசலன்னு."

கப்பல் ஊதியது. அக்காதான் முதுகில் கைவைத்துத் தள்ளி அவளை ஏற்றிவிட்டாள்.