கர்க்கடகக் கஞ்சியும் ஒரு கொட்டாவியும்

கைதத்தறை ஊரின் நீளமான பந்தயப் படகான சுண்டன் வள்ளத்தில் முன்னாலிருந்து மூன்றாவது பலகை, இடப்பக்கம், குரியாச்சனுடையது. அதற்கு முன்பு அவன் அப்பனுடையது. அப்பனுக்குக் கண் மங்கிய வருஷம் குரியாச்சன் அதில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அந்தப் பலகையில் வேறு எவனுடைய முண்டும் பட்டதில்லை. ஊரில் அவனுக்கு என்று சொல்லிக்கொள்ள ஒரு வாத்துக் கூட்டமும், ஏலியாம்மா என்ற மனைவியும், அந்தப் பலகையும்தான் இருந்தன. எந்த வரிசையில் என்று அவனைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பான்.

இந்த வருஷம் அவனுக்கு ஒரு களைப்பு பிடித்துக்கொண்டது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் குறை ஒன்றும் இல்லை. வெறும் களைப்பு. சட்டைப் பொத்தான் போடும்போது நடுவில் ஒருமுறை உட்கார்ந்து இளைப்பாறினான். வாத்துகளை வயலில் மேயவிட்டு வரப்பில் சாய்ந்தால், அவை மேய்ந்து முடித்துத் தாமாக வந்து அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயின.

இதெல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் பரவாயில்லை. மழை விட்ட ஒரு காலையில், ஓணப் போட்டிக்கான முதல் பயிற்சியில், வள்ளம் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது குரியாச்சன் கொட்டாவி விட்டான்.

அதைச் சாதாரணக் கொட்டாவி என்று சொல்ல முடியாது. தாடை கழன்று விழுந்துவிடுமோ என்று பார்ப்பவர் பயப்படும் அளவுக்கு வாய் திறந்து, கன்றைத் தேடும் பசுவின் குரலில் ‘ஆவ்வ்வ்’ என்று நீண்டு முடியும். துடுப்புக்காரர்களைப் பார்த்தபடி எதிரே நின்று விசில் ஊதிக்கொண்டிருந்த சுகுமாரன் அதை முழுமையாகப் பார்த்தான். அவன் வாயும் திறந்தது. விசில் தண்ணீரில் விழுந்தது. நடுவில் நின்று தாளத்துக்குத் தடியால் பலகையை இடிப்பவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே இடித்தார்கள், தாளம் தாலாட்டாகிவிட்டது. பலகை பலகையாகப் பின்னால் போன கொட்டாவி கடைசியில் சுக்கான் பிடிப்பவர்களைப் பிடித்தது. வள்ளம் தன் இஷ்டத்துக்குத் திரும்பி, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே மூக்கை நுழைத்து நின்றது.

“என்ன, துணி துவைக்கவா வந்தீங்க எல்லாரும்?” என்றாள் ஒருத்தி.

படகு கிளப்பின் செயலாளர் சோமன் பிள்ளை கரையில் ஒலிபெருக்கியோடு நின்றார். பத்தடி தூரத்தில் நிற்பவனிடமும் அவர் ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

“குரியாச்சா! வள்ளத்துல உக்காந்திருக்கியா, கட்டில்ல படுத்திருக்கியா?”

“களைப்பு சார்.”

“களைப்பா? புதுக்கரிக்காரனுங்க மூணு வருஷமா நம்மள மண்ணைக் கவ்வ வைக்கிறானுங்க. இதுல உனக்குக் களைப்பு! கேட்டுக்கோ. வர்ற கர்க்கடக மாசம் முடியறதுக்குள்ள அந்தக் கொட்டாவி போகணும். போகலைன்னா உன் பலகையில ஜிபின் உக்காருவான்.”

ஜிபின் கரையில் நின்று தோளை உருட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. டப்பாவிலிருந்து மாவு எடுத்துப் பாலில் கலக்கிக் குடித்து வளர்த்த உடம்பு. அவன் குரியாச்சனின் பலகையை, பெண் பார்க்க வந்தவன் வீட்டுக் கூரையைப் பார்ப்பதுபோல அளவெடுத்துப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்த குரியாச்சன் சோறு வேண்டாம் என்றான். ஏலியாம்மாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒலிபெருக்கியில் சொன்னது யாருக்குத்தான் தெரியாது?

“அச்சாயா, அழாதீங்க. நாளைக்குக் கர்க்கடகம் ஒண்ணு. கஞ்சி வெச்சுத் தரேன். மாசம் முழுக்கக் குடிக்கணும், பத்தியம் இருக்கணும்.”

“என்ன பத்தியம்?”

“மீன் கிடையாது. இறைச்சி கிடையாது. கள்ளு கிடையாது. பகல்ல தூக்கம் கிடையாது.”

“அதுக்கப்புறம் என்னதான் கிடைக்கும்?”

“கஞ்சி.”

கஞ்சி வந்தது. ஞவரை அரிசி, வெந்தயம், சீரகம், சுக்கு, இடித்துப் பிழிந்த சிறுபூளையும் மூக்கிரட்டையும், மேலே தேங்காய்ப்பால். நிறம் வாத்துக்குளத்து நிறம். கூடவே பத்திலைத் துவட்டல்: பூசணி இலை, சேம்பிலை, தகரை, இன்னும் என்னென்னவோ. முருங்கையிலை இந்த மாதம் ஆகாது என்பதால் அது மட்டும் இல்லை. பத்தில் ஒன்று செந்தட்டி. பறித்துவரச் சொன்னபோது அது இன்ன செடி என்று தெரியாமல் குரியாச்சன் வெறுங்கையால் பிடித்துவிட்டான். அன்று பகல் முழுவதும் தூங்காமல் சொறிந்துகொண்டிருந்தான். “பாத்தீங்களா, பறிச்ச உடனேயே வேலை செய்யுது,” என்றாள் ஏலியாம்மா.

வள்ளம் ஊருடையது என்பதால் பத்தியமும் ஊருடையதாகிவிட்டது. மீன்காரன் குரியாச்சன் வீட்டு வாசலைக் கடக்கும்போது கூவாமல், கூடையைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்தான். கள்ளுக்கடைக்காரன் அவனைப் படியில் பார்த்ததுமே, “சேட்டா, உங்க வீட்டுச் சேச்சி எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. வேணும்னா மரவள்ளிக்கிழங்கு வாசனையை மட்டும் பிடிச்சிட்டுப் போங்க,” என்றான். பகலில் அவன் கண்ணை மூடினால் தெருவில் போகிறவர்கள் எல்லாம், “குரியாச்சா, தூங்கறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தேவாலயத்தில் கண்மூடி ஜெபித்தபோதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் குடைக்கம்பியால் குத்தினார்.

கஞ்சி குடிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் பலன் ஒன்றும் இல்லை. அந்த வாரத்தில்தான் புதுக்கரியோடு ஒரு நட்புப் பந்தயம் வந்தது. சுகுமாரன் முன்னெச்சரிக்கையாகக் குரியாச்சனின் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தபடி விசில் ஊதினான். மற்றவர்கள் முன்னால் இருப்பவனின் முதுகிலேயே கண்ணை வைத்துக்கொண்டார்கள். பாதி தூரத்தில் குரியாச்சனுக்கு வந்தது. அடக்கிப் பார்த்தான்; அடக்கியதில் அது இன்னும் பெரிதாகி, பக்கத்து வள்ளத்தின் பக்கமாகத் திரும்பி வெளியேறியது.

‘ஆவ்வ்வ்.’

புதுக்கரிக்காரர்களுக்கு அது புதிது. அவர்களுடைய விசில்காரன் லாலிச்சன் முதலில் விழுந்தான். பிறகு இடிப்பவர்கள். பிறகு வரிசை வரிசையாகத் துடுப்புகள் தண்ணீரில் சும்மா மிதந்தன. கைதத்தறை வள்ளம் ஒரு வள்ள நீளம் முந்திப் போய் நின்றது.

மறுநாள் சோமன் பிள்ளை வீடு தேடி வந்தார். ஒலிபெருக்கி கையில் இருந்தாலும் கீழே தொங்கவிட்டிருந்தார். அதுவே அவருடைய பணிவு.

“ஏலியாம்மா, அந்தக் கஞ்சியை நிறுத்தணும்.”

“ஏன் சார்?”

“ஏனா? குரியாச்சன் வாயில இருக்கறது கொட்டாவி இல்லம்மா, பீரங்கி! அதை நாமளே கஞ்சி ஊத்தி அணைக்கறதா? அவன் நல்லாக் களைச்சுப் போகணும். மீன் குடு, வாத்து குடு, மத்தியானம் பாய் போட்டுத் தூங்க விடு.”

“போன வாரம் கொட்டாவி போகணும்னீங்க.”

“போன வாரம் நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்.”

“பாதியில பத்தியம் முறிச்சா இருக்கறதும் கெட்டுப்போகும் சார். மாசம் முடியட்டும்.”

“மாசம் முடிஞ்சா போட்டியே வந்துடுமே!” சோமன் பிள்ளை குரியாச்சனின் பக்கம் திரும்பினார். “எடா, நான் சுருக்கமாச் சொல்றேன். ஓணத்தன்னிக்கு நீ கொட்டாவி விடணும். விட முடியாதுன்னா, துடுப்புப் போட ஜிபின் போதும்.”

அன்றிலிருந்து குரியாச்சனின் வயிறு இரண்டு கட்சிக்காரர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. காலையில் ஏலியாம்மாவின் கஞ்சி. அவள் கொல்லைப்பக்கம் போனதும் வேலிக்கு மேலாக வாழையிலைப் பொட்டலத்தில் கிளப்பின் வாத்து வறுவல். வாத்து அவனுடைய கூட்டத்திலிருந்தே வாங்கியது. முகம் பார்த்துப் பழகிய வாத்து. அவன் அதைத் தொட மனமில்லாமல் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டான். நாய் நாளெல்லாம் படுத்துத் தூங்கியது.

சரியாகச் சொன்னால், வாத்தின் மேல் இருந்த பாசம் மட்டும் காரணமில்லை. கஞ்சி வேலை செய்யத் தொடங்கிவிட்டது; அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. பொத்தான்களை ஒரே மூச்சில் போட்டான். யாரும் சொல்லாமலே கூரையேறி ஓடு மாற்றினான். வயலில் வாத்துகளை விரட்டிக்கொண்டு அவன் ஓடிய ஓட்டத்தில் இப்போது வரப்பில் சாய்ந்து கிடந்தவை வாத்துகள். காலையில் கண் விழிக்கும்போதே கை துடுப்பைத் தேடியது. இத்தனை வருஷத்தில் இப்படித் துடுப்புப் போட வேண்டும் என்று உடம்பே கேட்டதில்லை. கேட்கிற நேரத்தில் பலகை போகப்போகிறது.

ஆகவே குரியாச்சன் நடிக்கத் தொடங்கினான். சோமன் பிள்ளையின் தலை தெருமுனையில் தெரிந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். “எப்படிடா இருக்கே?” என்று கேட்டால், “அதை ஏன் கேக்கறீங்க,” என்று முனகினான். சோமன் பிள்ளை முகம் மலர்ந்து போவார்.

போட்டிக்கு முந்தைய நாள் அவர் படகுக் கொட்டகையில் சோதனை வைத்தார். துடுப்புக்காரர்களை வரிசையாக நிறுத்தி, “விடு பார்க்கலாம்,” என்றார்.

குரியாச்சன் வாயைத் திறந்தான். முடிந்த மட்டும் திறந்தான். ‘ஆ’ என்றான்.

ஒருவனுக்கும் தொற்றவில்லை. எல்லோரும் அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி இருக்கு,” என்றான் சுகுமாரன். “பின்னால ஒரு பல் சொத்தை, சேட்டா.”

“இன்னொரு தடவை! பசு மாதிரி!”

“ம்மா,” என்றான் குரியாச்சன்.

சோமன் பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு ஓரத்தில் கிடந்த துடுப்புக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஜிபின் சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

“இருடா,” என்று சோமன் பிள்ளை ஜிபினைத் தடுத்தார். “புதுக்கரிக்காரனுக்குக் கொட்டாவி போனது தெரியாதே. குரியாச்சா, நாளைக்கு நீதான் உக்காரணும். கூட்டத்தையும் வெயிலையும் பாத்தா உனக்குத் தானா வரும். வரலைன்னு வை, அடுத்த வருஷம் நீ கரையில நின்னு கொடி ஆட்டு.”

ஓணத்தன்று ஏரிக்கரை இரண்டு பக்கமும் தலைகளாக இருந்தது. வள்ளங்கள் வரிசையில் வந்து நின்றபோது குரியாச்சன் பக்கத்து வள்ளத்தைப் பார்த்துத் திகைத்தான். லாலிச்சன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். புதுக்கரித் துடுப்புக்காரர்கள் ஒருவன் விடாமல் காதில் பஞ்சு அடைத்திருந்தார்கள். குரியாச்சன் மூக்கு உறிஞ்சினாலே அந்த வள்ளம் ஒரு நடுக்கம் நடுங்கியது.

வெடி வெடித்தது. வள்ளங்கள் பாய்ந்தன.

பாதி தூரத்தில் குரியாச்சன் கொட்டாவி விட முயன்றுபார்த்தான். வாத்து வறுவலை நினைத்தான். பாயை நினைத்தான். போன வருஷத்துப் பிரசங்கத்தைக்கூட நினைத்தான். ஒன்றும் வரவில்லை. நெஞ்சு முழுக்கக் காற்று, தோள் முழுக்க ரத்தம். கரையில் சோமன் பிள்ளை ஒலிபெருக்கியில், “இப்போ! இப்போ விடு!” என்று அலறிக்கொண்டு கூடவே ஓடினார்.

‘போகட்டும்,’ என்று குரியாச்சன் நினைத்தான். ‘பலகை இன்றோடு போகிறதென்றால், இன்று ஒருநாளாவது அதில் ஒழுங்காக உட்காருகிறேன்.’ துடுப்பை ஆழமாக இறக்கினான். அவன் இழுத்த இழுப்பில் பின்னாலிருந்தவன் மேல் தண்ணீர் விழுந்தது. “என்ன சேட்டா, மோட்டார் வெச்சிருக்கீங்களா?” என்று அவன் கத்திவிட்டுத் தானும் வேகத்தைக் கூட்டினான். அது பலகை பலகையாகப் பின்னால் போனது. கொட்டாவி எந்த வழியில் போகுமோ அதே வழியில்.

இரண்டு வள்ளங்களும் ஒட்டி ஒட்டிப் போயின. எல்லை நெருங்கியதும் லாலிச்சன் கடைசி வேகத்துக்கு விசில் அடித்தான். காதில் பஞ்சு. அவனையே பார்த்துக்கொண்டிருந்த முன்வரிசைக்காரர்கள் கன்னம் உப்பியதைக் கண்டு வேகம் எடுத்தார்கள். பின்வரிசைக்காரர்களுக்கு விசிலும் கேட்கவில்லை, பலகை இடிக்கும் சத்தமும் கேட்கவில்லை. முன்பாதி ஓட, பின்பாதி உலாவ, துடுப்புகள் ஒன்றோடொன்று மோதின. கைதத்தறை வள்ளத்தின் மூக்கு முதலில் கோட்டைத் தாண்டியது.

சோமன் பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடிவந்தார்.

“எப்போடா விட்டே? நான் பாக்கவே இல்லையே!”

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் பலகை நிலைக்கும் என்று குரியாச்சனுக்குத் தெரியும். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததில் உண்மைதான் முதலில் வந்தது.

“விடலை சார். வரவே இல்லை. கஞ்சி முழுசாக் குணப்படுத்திடுச்சு.”

“அப்போ எப்படி ஜெயிச்சோம்?”

“துடுப்பு போட்டோம் சார்.”

சோமன் பிள்ளை ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார். இப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. பிறகு குரியாச்சனின் ஈரத் தோளில் தட்டினார்.

“பலகை உன்னோடது. உன் மகன் உக்காரற வரைக்கும்.”

“எனக்கு மகன் இல்லையே சார்.”

“அப்போ நீயே உக்காரு.”

மேடையில் கோப்பை கொடுக்க வந்தவர் பேசத் தொடங்கினார். ஓடம், ஒற்றுமை, பாரம்பரியம் என்று பேச்சு நீண்டது. காலையிலிருந்து மாற்று ஆளாகக் கரையிலேயே வெயிலில் நின்றிருந்த ஜிபினுக்கு, டப்பா மாவு எல்லாம் தீர்ந்துபோனதுபோல, வாய் மெல்லத் திறந்தது. திறந்துகொண்டே போனது.

‘ஆவ்வ்வ்வ்.’

முதலில் சுகுமாரன். பிறகு வரிசை. பிறகு மேடை. பேசிக்கொண்டிருந்தவர் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லின் நடுவில் வாயைப் பிளந்து, மூடத் தெரியாமல் நின்றார்.

ஏலியாம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜிபினின் கண்ணிமையை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“ரொம்பக் களைச்சிருக்கியே மோனே. மாசம் போனா என்ன, நாளைக்குக் காலைல வீட்டுக்கு வா, கஞ்சி...”

“ஏலியாம்மா!” சோமன் பிள்ளை ஒலிபெருக்கியைத் தூக்கினார். “அவனைத் தொடாதே! அடுத்த வருஷத்துக்கு வேணும்!”