இரண்டு முறை அலசிய டாங்கி

14.3.1967, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. பெட்ரோல் டாங்கியைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் மூன்று முறை அலசச் சொன்னார் பட்டறை அண்ணன். இரண்டு முறைதான் அலசினேன். குழாயில் தண்ணீர் வந்து இரண்டு நாளாகிறது, மூன்றாம் வாளிக்கு மனம் வரவில்லை. கேட்டபோது மூன்று என்று சொல்லிவிட்டேன்.

எழுதி முடித்த ஜெகநாதன் 'சிறு' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த ஷாதிபூர் மாலை வகுப்புக்கு வாத்தியார் இன்னும் வரவில்லை. தான் எழுதுவதில் எது உண்மை, எது தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள எழுதியது என்று அவனுக்கே பிடிபடுவதில்லை. ஆனால் இதில் ஆபத்தில்லை என்றுதான் நினைத்தான். மோட்டார் சைக்கிள் டாங்கியில் ஒடுக்கு விழுந்த இடத்தில் பித்தளைக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்து, வெளியே இழுத்து நிமிர்த்துவார் அவன் வேலை பழகும் பட்டறைக்கார ஜம்புலிங்கம். நெருப்பைக் காட்டுமுன் டாங்கி நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுவது வழக்கம். உள்ளே பெட்ரோல் ஆவி நின்று வெடிக்க இடமிருக்காது. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததும் ஊற்றி வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் அப்துல் கனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மாயாபந்தருக்குப் போகும் கப்பல் வியாழக்கிழமை இல்லையாம், நாளை விடியற்காலையே கிளம்புகிறதாம், சரக்கு ஏற்றும் எல்லாருக்கும் ஆள் விட்டுச் சொல்லியாகிவிட்டதாம்.

அந்த டாங்கிக்குரிய வண்டி அந்தக் கப்பலில்தான் போக வேண்டும். ஜம்புலிங்கம் இன்றே வேலையை முடிக்கப் பார்ப்பார். ஊற்றத் தண்ணீர் கிடையாது. மூன்று தடவை அலசியதே போதும் என்று துணிந்துவிடுவார்.

ஜெகநாதன் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினான். நிறுத்தச் சொல்ல வேறு ஏதாவது காரணம் கிடைக்காதா என்று ஓடும்போதும் தேடினான். தன்மேல் அவனுக்கே வெறுப்பாக இருந்தது.

பட்டறைக்காரர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஈயம் பற்றவைக்கும் ஊதுவிளக்கு நீலமாகச் சீறிக்கொண்டிருந்தது. டாங்கியின் மேல் குனிந்திருந்தார் ஜம்புலிங்கம்.

"வாங்க பண்டிட்ஜி. படிப்பு அதுக்குள்ள கதமா?"

"ரெண்டு தடவதாண்ணே அலசினேன்."

"மோந்து பாத்துட்டேன், வாடையே இல்ல." பிறகுதான் தலையை நிமிர்த்தினார். "காலைல மூணுன்னியே?"

"பொய் சொன்னேன்."

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி மங்கையர்க்கரசி, "மொதல்ல அத அணைங்க" என்றாள். குரல் உயரவில்லை. அவர் அணைத்து வெளியே கொண்டுபோய் வைக்கும்வரை அங்கேயே நின்றாள். மதியத்திலிருந்து கிணற்றடியில் காத்துக் கிடந்து கொண்டுவந்த ஒரே குடம். அதைத் தூக்கி வந்து டாங்கியின் வாயில் சரித்தாள். தண்ணீர் இறங்க இறங்க உள்ளிருந்த காற்று வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. பச்சைப் பெட்ரோல் வாடை மூன்று பேர் முகத்திலும் அறைந்தது.

அவள் கை நின்றது. புருஷனின் புருவத்தையும் மீசையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் ஊற்றினாள்.

"உலைக்கு?" என்று கேட்டார் அவர்.

"ஒருநாள் பட்டினி கெடந்தா செத்துர மாட்டோம்."

வாடை கலைய வெகுநேரம் காத்திருந்தார்கள். மறுபடி விளக்குச் சீறியபோது ஜெகநாதன் வெளியே காலிக்குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாளைக்கு வா என்றோ வராதே என்றோ ஜம்புலிங்கம் சொல்லவில்லை. 'டொக்'கென்று ஒடுக்கு நிமிர்ந்த சத்தம் கேட்டது. அவன் நோட்டை எடுத்து 'சிறு' என்பதை அடித்துவிட்டு, கீழே எழுதினான்:

நாளை: காலை நாலு மணிக்குக் குழாயடி. தண்ணீர் வராவிட்டால் கிணறு. மங்கையர்க்கரசி அக்கா வீட்டுக்கு ஒரு குடம்.