ரெமேதியோஸின் முப்பது சட்டிகள்

ஒத்தீலியாவுக்கும் அவள் ஓரகத்தி ரெமேதியோஸுக்கும் ஒரே முற்றம். த்லாஸ்கலா மலையில் ஜனவரி பிறந்தால் விடிகாலையில் வாளித் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகிவிடும். அந்தக் குளிரிலும் ரெமேதியோஸின் முப்பது சட்டிகளில் சதைப்பற்றுச் செடிகள் ரோஜாப்பூ அடுக்காக இலை விரித்து, ஓரம் சிவந்து நிற்கும். ஒத்தீலியாவின் செடிகளோ மூன்று குளிர்காலமாக அழுகிக் கூழாகின. தெருவில் போகிறவர்கள் நின்று, "ரெமேதியோஸுக்குக் கைராசி" என்னும்போதெல்லாம் ஒத்தீலியாவுக்கு வயிறு எரியும்.

ஜனவரி ஆறாம் தேதி வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், மகளின் பிரசவத்துக்காக ரெமேதியோஸ் புவெப்லா நகரத்துக்குக் கிளம்பினாள். போகுமுன் செடிகளை ஒத்தீலியாவிடம் ஒப்படைத்தாள்.

"பொழுது சாஞ்சா பழைய போர்வைய மேல போட்டுடு. வெயில் வந்ததும் எடுத்துடு. தண்ணி மட்டும் ஒரு சொட்டு காட்டாத. வேர்ல ஈரம் இருந்தா உறைபனி கொன்னுரும்."

"இவ்வளவுதானாக்கா? இத்தனை வருஷமா வாயத் தொறக்கலையே நீங்க."

"நீ எங்க கேட்ட?"

அந்தப் பதில்தான் பற்றவைத்தது. மறுநாள் சாயங்காலம் மேகமே இல்லை, உறைபனி நிச்சயம். ஒத்தீலியா வாளியை எடுத்து முப்பது சட்டிக்கும் தளும்பத் தளும்ப ஊற்றினாள். ஊற்றும்போது மனசு நிறைந்திருந்தது.

உள்ளே போய்க் கல்லில் சோள ரொட்டியைப் போட்டவளுக்கு ரெமேதியோஸ் திரும்பி வரும் காட்சி தெரிந்தது. செத்த செடிகளைப் பார்ப்பாள். "பனிக்கு நீ என்னடி பண்ணுவ" என்று மன்னித்துவிடுவாள். அந்தப் பெருந்தன்மையையும் தெருவே புகழும். அதை மட்டும் ஒத்தீலியாவால் தாங்க முடியாது.

ரொட்டியைக் கருகவிட்டு வெளியே ஓடினாள். செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஈரமண்ணை உதறி, செய்தித்தாளில் சுற்றி, தாழ்வாரத்தில் அடுக்கிப் போர்வையால் மூடினாள். நாலு நாள் காயவிட்டு உலர்ந்த மண்ணில் நட்டாள்.

எட்டாம் நாள் ரெமேதியோஸ் வந்தாள்.

"மண்ண ஏன் மாத்தின?"

"தண்ணி ஊத்திட்டேன்க்கா. தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

ரெமேதியோஸ் ஒவ்வொரு சட்டியாகத் தொட்டுப் பார்த்தாள். "நாலு போச்சு" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் காலையில் ரெமேதியோஸ் இரண்டு சாக்கோடு வந்து நின்றாள்.

"கிளம்பு, ஓடைக்குப் போய் மணல் அள்ளலாம். உன் சட்டில இருக்கிறது களிமண்ணு. அதுல எதுதான் பொழைக்கும்?"

ஒத்தீலியாவும் கூடப் போனாள். திரும்பும் ஏற்றத்தில், தன்னைவிட ஒன்பது வயது மூத்தவள் மூச்சு வாங்காமல் பெரிய சாக்கைச் சுமந்து முன்னால் நடப்பதைப் பார்த்தபோது, அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.