கெபியைக் கழுவிய காலை

கல்லில் ஊறியிருந்த குங்குமம் சோப்புத் தண்ணீருக்கு எளிதில் போகவில்லை. லூயிசா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேங்காய் நாரால் தேய்த்தாள். மேலே இருந்தது வந்துவிட்டது. அடியில் இருந்தது கல்லின் நிறமாகவே மாறிப்போயிருந்தது. மாதா சுரூபத்தின் பாதத்துக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக விரல் தடங்கள். யாரோ இருட்டில் சுவரைத் தடவி வழி தேடியதுபோல் அவை இருந்தன.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பு அம்மாக்கள் பள்ளி வளாகத்தில் மாதாவுக்குக் கல்லால் கட்டிய இந்தக் குகைக்கு, கெபிக்கு, வருவார்கள். கல்லில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, அதே விரலால் பிள்ளையின் ஹால் டிக்கெட் மூலையிலும் ஒரு பொட்டு வைப்பார்கள். யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கத்தோலிக்க அம்மாக்களிலும் சிலர் உண்டு, ஃபாதர் இல்லாத நேரமாகப் பார்த்து.

நாளை பிஷப்பின் ஆயர் இல்லத்திலிருந்து குழு வருகிறது. இந்தப் பள்ளி எந்த அளவுக்குக் கத்தோலிக்கப் பள்ளியாக இருக்கிறது, யாருக்காக இருக்கிறது என்று பள்ளியே தன்னை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். குழு அதைச் சரிபார்க்கும். எழுதும் பொறுப்பை ஆங்கில ஆசிரியை என்பதால் லூயிசாவிடம் கொடுத்திருந்தார்கள். அவள் அதை ஆசையாகத்தான் செய்தாள். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, காலி வகுப்பறையில் உட்கார்ந்து, பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு மேல் வெளிச்சம் குறைவதைப் பார்த்துக்கொண்டே வாக்கியங்களை அடுக்கினாள். கெபியைப் பற்றிய பத்தி அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

கழுவச் சொன்னவர் யாரும் இல்லை. கணக்கு வாத்தியார் ஆஸ்டின் முந்தின நாள் சொன்ன ஒரு வார்த்தைதான்.

"போட்டோ எடுப்பாங்க மிஸ். பாத்துட்டு, இது இன்னா மாரியம்மன் கோயிலான்னு கேட்டா, பதில் நீங்கதான் சொல்லணும்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். லூயிசாவுக்குத் தூக்கம் வரவில்லை.

வாளித் தண்ணீரைக் கொட்டித் திரும்பியபோது கங்கம்மா பின்னால் நின்றிருந்தாள். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூர் போய் ஒரு ஆபீஸில் பெருக்குவது, டீ போடுவது என்று எல்லா வேலையும் செய்கிறவள். இன்று லீவு போட்டிருந்தாள். பத்தாவது படிக்கும் ராதிகாவின் அம்மா. ராதிகா வகுப்பில் நன்றாகப் படிப்பாள்; பரீட்சை என்றால் கை நடுங்கும். போன மாதம் மாதிரித் தேர்வில் பேனாவைப் பிடிக்க முடியாமல் அழுதுவிட்டாள். நாளை மறுநாள் நிஜப் பரீட்சை.

கங்கம்மாவின் இடது கையில் காகிதப் பொட்டலம் பிரிந்திருந்தது. வலது கை மோதிர விரலில் குங்குமம் தொட்டிருந்தாள். ஈரக் கல்லைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நல்லா கழுவி வெச்சிருக்கீங்க மிஸ். பளிச்சுனு கீது."

"இன்னிக்கு வேணாம்மா."

"இன்னா மிஸ்?"

"நாளைக்குப் பெரியவங்க வர்றாங்க. இங்க இதெல்லாம்..." லூயிசா குங்குமத்தை நோக்கிக் கையை அசைத்தாள். "இது வேற மாதிரி தெரியும் அவங்களுக்கு. அவங்க போன அப்புறம் வெச்சுக்கலாம்."

கங்கம்மா கல்லைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு எதையும் பார்க்காமல் இருந்தாள்.

"நாளைக்கு லீவு குடுக்க மாட்டாங்க மிஸ். அந்தப் பொண்ணு நேத்துலேர்ந்து கேட்டுக்கினே இருக்குது, எப்ப வெக்கப்போறன்னு."

"புரியுதும்மா. ஒரு நாள்தானே."

"சரி மிஸ்."

அந்த "சரி" அவ்வளவு மெதுவாக வந்தது. கங்கம்மா கையை மூடிக்கொண்டாள். மாதாவுக்கென்று தொட்ட குங்குமத்தை வேறு எதிலும் துடைக்கக் கூடாது என்று லூயிசாவுக்குத் தெரியாதா? தெரியும். இந்த ஊரில் பிறந்தவள்தானே.

மதிப்பீட்டுக் கூட்டம் பதினொரு மணிக்கு, அலுவலக அறையில். தலைமை ஆசிரியை சிஸ்டர் ஐடா, ஆஸ்டின், கன்னட வாத்தியார் மஞ்சுநாத், லூயிசா. வேறு மதத்துப் பெற்றோர் ஒருவராவது உட்கார வேண்டும் என்று வழிகாட்டுதலில் இருந்ததால் கங்கம்மாவும். அவளைப் போன வாரமே அழைத்தது லூயிசாதான். கங்கம்மா கதவோரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

மதிப்பெண் போட சிஸ்டர் சுலபமான வழி கண்டுபிடித்திருந்தார். கேள்வியைப் படித்ததும் ஒன்றிலிருந்து நான்கு வரை எல்லாரும் விரல் காட்ட வேண்டும்.

"எல்.கே.ஜி. பசங்களாட்டம்," என்றார் ஆஸ்டின்.

"எல்.கே.ஜி. பசங்க பேசாம காட்டுவாங்க," என்றார் சிஸ்டர். மஞ்சுநாத் சிரித்தார்.

ஐந்தாம் கேள்வி வந்தது: எங்களிடம் வரும் எல்லா மதத்தவரும் எங்கள் ஜெப வாழ்க்கையில் தங்களுக்கு ஓர் இடம் இருப்பதாக உணர்கிறார்கள்.

"நீ எழுதினதைப் படி லூயிசா. அழகா எழுதியிருக்கே."

லூயிசா படித்தாள். அந்தக் காலத்தில் ஷிஃப்டுக்குப் போன ஆட்கள், சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறுவதற்கு முன் என்ன சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும் இந்தக் கெபியில் ஒரு நிமிஷம் நின்றார்கள். சுரங்கம் மூடிய பிறகும் அவர்களுடைய மகள்களும் மருமகள்களும் வருகிறார்கள். எங்கள் மாதா யாரையும் பெயர் கேட்டுவிட்டு உள்ளே விடுகிறவள் இல்லை. ஆங்கிலத்தில் எழுதியதைக் கங்கம்மாவுக்காகத் தமிழில் சொல்லச் சொன்னார் சிஸ்டர். அந்தப் பத்தியில் பொய் எதுவும் இல்லை. சோப்பு வாசனை மட்டும் அவள் விரல்களில் இன்னும் இருந்தது.

"சரி, காட்டுங்க."

மஞ்சுநாத் நான்கு. ஆஸ்டின் மூன்று. "வளர்றதுக்குக் கொஞ்சம் எடம் விடணும் சிஸ்டர்." சிஸ்டர் நான்கு. கங்கம்மா முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து நான்கு விரல்களை உயர்த்தினாள். மோதிர விரலின் நுனி சிவப்பாக இருந்தது.

வேறு யாரும் கவனிக்கவில்லை. லூயிசாவின் கையும் மேலே போனது. நான்கு. அதைத் தன் கை என்று நம்ப முடியாமல் பார்த்தாள்.

"ஒரு உதாரணம் வேணும்," என்றார் சிஸ்டர். "நீங்களே சொல்லுங்க கங்கம்மா. சமீபத்துல நடந்ததா."

கங்கம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"காலையிலகூட மாதாகிட்ட வந்தேன் சிஸ்டர். பொண்ணு பரீட்சைக்கு. மிஸ்ஸே அங்க இருந்தாங்க, எடத்தைக் கழுவிக்கினு. நல்லபடியா கும்பிட்டேன். எங்கள வேத்து ஆளாவே பாக்க மாட்டாங்க."

"பாத்தியா," என்று சிஸ்டர் மகிழ்ந்து போனார். "அப்படியே எழுதிக்கோ லூயிசா."

பேனா காகிதத்தைத் தொட்டது. 'இன்று காலை' என்று எழுதினாள். அதற்கு மேல் போகவில்லை.

"சிஸ்டர், அவங்க கும்பிடல. நான் விடல."

பேனாவை மேசையில் வைத்தாள்.

"குங்குமம் வெக்க வந்தாங்க. நாளைக்கு வர்றவங்க தப்பா நெனப்பாங்கன்னு நான் திருப்பி அனுப்பிட்டேன். அதுக்குத்தான் கழுவினேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஏதோ இளகியது. ஒரு கணம், மிகச் சின்ன கணம், அவளுக்குத் தன்மேல் மரியாதைகூட வந்தது. பிறகுதான் கங்கம்மாவைப் பார்த்தாள். கங்கம்மாவின் முகம் கன்றிப் போயிருந்தது. நான்கு பேருக்கு நடுவில், தலைமை ஆசிரியை முன்னால், பொய் சொன்னவளாக உட்கார்ந்திருந்தாள்.

"அட, அவ்வளவுதானே," என்றார் சிஸ்டர் அவசரமாக. "நாளைக்கு அப்புறம் வெச்சுக்கிட்டா போச்சு. மூணுன்னு போட்டுடலாம். இன்னா ஆஸ்டின்?"

"நான் முதல்லயே மூணுதான் சிஸ்டர்," என்றார் ஆஸ்டின் தரையைப் பார்த்துக்கொண்டு.

கங்கம்மா எழுந்தாள். "எனக்கு வீட்ல வேலை கீது. போய்ட்டு வரேன் சிஸ்டர்."

லூயிசா பின்னால் ஓடினாள். மைதானத்தின் பாதியில் பிடித்தாள்.

"அம்மா, நில்லுங்க. இப்பவே வந்து வைங்க. யார் வந்தா இன்னா. நான் பாத்துக்கறேன்."

"வேணாம் மிஸ்."

"மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் எதுக்கு." கங்கம்மா நடையை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போய்த் தானாகவே நின்றாள். "உங்களுக்காகத்தான் சொன்னேன். புதுசா ஒரு பொறுப்பு குடுத்திருக்காங்க, கெட்டுப்போவக் கூடாதுன்னு. நீங்க உங்க மனசு லேசாவணும்னு என்னைப் போட்டு உடைச்சிட்டீங்க."

லூயிசா கெபி பக்கம் கையைக் காட்டினாள், அது மட்டும்தான் அவளிடம் மிச்சம் என்பதுபோல்.

"ராதிகாவுக்காகவாவது."

"கேட்டுட்டு வெக்கற எடம்னு தெரிஞ்சிருந்தா இத்தன வருசம் வந்திருக்கவே மாட்டேன் மிஸ். எங்க மாமியாரும் வந்திருக்க மாட்டாங்க." குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "டிக்கெட்ல நான் வீட்லயே வெச்சிடறேன். மாதாகிட்ட வெச்சதுன்னு சொல்லிடுவேன். பொண்ணு நம்பும். நீங்க இல்லன்னு சொல்லிடாதீங்க. இன்னிக்கு மாதிரி."

"சொல்ல மாட்டேன்."

"உங்க மேல ரொம்பப் பிரியம் அதுக்கு. வீட்ல எப்ப பாரு மிஸ் சொன்னாங்க, மிஸ் சொன்னாங்கதான்."

கங்கம்மா கேட்டைத் தாண்டி ஸ்டேஷன் ரோட்டில் இறங்கினாள். லூயிசா நின்ற இடத்திலேயே நின்றாள். அலுவலக ஜன்னல் வழியாக சிஸ்டர் ஆறாம் கேள்வியைப் படிக்கும் குரல் கேட்டது. மணி அடித்து, பத்தாம் வகுப்புப் பெண்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். அவர்களில் ராதிகா லூயிசாவைப் பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளை நோக்கி வந்தாள்.

"மிஸ், எங்கம்மா வந்தாங்களா? வெச்சிட்டாங்களா?"

"வெச்சிட்டாங்க," என்றாள் லூயிசா.