காற்று இறக்கும் இடம்

"மாலைய அதும்மேல வெக்காத பவானி. எடு."

மருமகள் பவானி ஜீப்பின் மூக்கில் வைத்திருந்த மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குணசுந்தரி அந்த இடத்து ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். சக்கரம் இல்லாத ஜீப் வாசலில் செங்கல் அடுக்குகளின் மேல் நின்றது. வீட்டுக்குள் ஐஸ் பெட்டியில் அவள் கணவர் தேசப்பன். விடியற்காலையில் டீ கேட்டார். அவள் போட்டுக் கொண்டுவந்தபோது குடிக்க ஆள் இல்லை.

"எம்மா, வேனுக்கு சொல்லிட்டேன்" என்றான் மகன் பிரகாஷ். "மணல் வரிக்கும் வரும். அப்பால தூக்கிகினு பூடலாம்."

"ஜீப்புல போவட்டும்."

"சக்கரமே இல்லாத எப்டிம்மா போவும்?"

ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி. எர்ணாவூர்க் கரையில் எத்தனையோ படகுகளை மணலில் இழுத்து மேலே சேர்த்தது. உப்புக்காற்று ரிம்களை அரித்துத் தின்றபிறகு தேசப்பனுக்கு ஒரே பேச்சுதான். பழையபடி ஒல்லி டயரா, இப்போது எல்லாரும் போடுகிற அகல டயரா? சோற்றுத் தட்டின் முன்னாலும் கேட்பார்.

"சுந்தரி, ஒல்லியா, அகலமா? நீ சொல்லேன்."

"எனுக்கு இன்னா தெரியும்? நீயே பாரு."

நேற்றும் கேட்டார். நேற்றும் அதையேதான் சொன்னாள்.

மேளம் சூடேறியபோது தெருவுக்குள் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. புளியந்தோப்பில் பழைய டயர் கடை வைத்திருக்கும் ஹுமாயூன் இறங்கினான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"அண்ணன் ரெண்டு செட்டயும் எடுத்து வெக்க சொன்னாரு அண்ணி. முடிவு சொல்லவே இல்ல. எத்த எடுத்தார்றதுன்னு தெர்ல. ரெண்டயும் போட்டுகினு வந்துட்டேன்."

வண்டிக்குள் ஒரு பக்கம் பச்சை ரிம்மில் உயரமான ஒல்லி டயர்கள், ஏணிப்படி மாதிரி தடித்த பட்டன்களோடு. மறுபக்கம் வெள்ளை ரிம்மில் அகலமானவை, புதுசாகப் பளபளத்தன.

"அகலத்த மாட்டு பாய்" என்றான் பிரகாஷ். "ஒல்லி மணல்ல பூந்துக்கும். அப்பாவ வெச்சிகினு நடுவுல மாட்டிகினா அசிங்கம்."

"அண்ணனுக்கு ஒல்லிதான் ஆசை தம்பி. அகலம் போட்டா ஒடிச்சு திருப்ப சொல்ல ஸ்பிரிங் பட்டைல ஒரசும்பாரு. ஆனா..."

"ஆனா இன்னா?" என்றாள் குணசுந்தரி.

ஹுமாயூன் தரையைப் பார்த்தான். "அகலம்னா காத்து கம்மியாவே வெச்சி ஓட்டலாம் அண்ணி. 'ஒல்லி போட்டா மணல் வரசொல்ல எறங்கி, குந்தி, பூந்துக்காம இருக்க காத்து எறக்கணும். அவுளுக்கு முட்டி பூட்ச்சுடா'ன்னாரு. அதான் யோசிச்சிகினே கெடந்தாரு."

அவள் அந்த டயர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ ஒருத்தி ஒப்பாரியை நிறுத்தி மூக்கைச் சிந்தினாள்.

"ஒல்லி" என்றாள் குணசுந்தரி. "ஒல்லிய மாட்டு."

"எம்மா, பூந்துக்கும்மா!"

"பூந்துக்காது."

ஜாக்கி ஏறியது. நட்டுகளை முடுக்கும் வரை மேளம் நின்றது.

"செருப்பு மாட்டிகினுதான் கெளம்புவாராம் நைனா" என்றான் மேளக்காரன். தெரு மெல்லச் சிரித்தது. அவளுக்கும் உதடு அசைந்தது.

பின்பக்கம் பாடையை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். பிரகாஷ் ஓட்டினான். தெருமுனையில் தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வண்டி நின்றது. சுடுகாடு அந்த மணலைத் தாண்டி இருந்தது.

"பொம்பளைங்க இத்தோட நின்னுக்குங்க" என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

பெண்கள் நின்றார்கள். குணசுந்தரி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன் சக்கரத்தின் பக்கம் போய்க் குந்தினாள். முட்டி நொடித்தது. வால்வு மூடியைத் திருகி எடுத்து வலது கைக்குள் வைத்துக்கொண்டாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி வால்வில் அழுத்தினாள். காற்று சீறியது.

"எம்மா, எல்லாரும் பாத்துகினு கீறாங்க!"

"உடு தம்பி" என்றான் ஹுமாயூன்.

டயரின் அடிவயிறு பிதுங்கும் வரை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். அவிழ்ந்த கூந்தல் முதுகில் கிடந்தது. இத்தனை வருஷமாக இதே இடத்தில், விடிகிற நேரத்தில் நடந்ததுதான். சீட்டில் இருந்தபடியே, திரும்பிப் பார்க்காமல் அவர் கேட்பார், "போதுமா?" அவள் "போலாம்" என்பாள்.

கடைசிச் சக்கரத்தையும் முடித்தாள். எழவில்லை. நான்கு மூடிகளும் வலது கைக்குள் இருந்தன. என்ஜின் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு மட்காடைப் பிடித்து எழுந்து, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஜீப் மணலில் இறங்கியது. புதையவில்லை. ஆண்கள் அதன் பின்னால் நடந்தார்கள். மேளச் சத்தம் அலைச் சத்தத்தோடு கலந்து மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

வாசலில் செங்கல் அடுக்குகள் அப்படியே இருந்தன. பவானி குடத்தோடு காத்திருந்தாள்.

"கைய நீட்டுங்க அத்தே. தண்ணி ஊத்துறேன்."

குணசுந்தரி இடது கையை மட்டும் நீட்டினாள்.