கிருமி வளராத தட்டு

எனக்குக் கோபம் கெதியா வரும். எங்கட ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் அது தெரியும். ஆனா அண்டைக்கு வந்தது நியாயமான கோபம்.

மகேந்திரராஜா அங்கிள் சிட்னியில பஸ் ஓட்டுறவர். சலரோகக்காரர், இரத்தத்தில சீனி கூட. வலது பாதத்தில வந்த புண் எலும்பு வரைக்கும் போயிட்டுது. என்ன ஊசி போட்டும் சீழ் நிக்கேல்லை. சரியான மருந்து கெதியாக் கிடைக்காட்டிப் பாதத்தை எடுக்கத்தான் வேணும் எண்டு சேர்ஜன் சொல்லிப்போட்டார்.

எந்த மருந்து எண்டு கண்டுபிடிக்கிறது கிருமி டொக்டரான என்ர வேலை. புண்ணில இருக்கிற கிருமியை லாப்பில ஒரு தட்டில வளத்து, மருந்து தோய்ச்ச சின்னக் கடதாசி வட்டங்களை மேல வைப்பம். எந்த வட்டத்தைச் சுத்திக் கிருமி வளராமல் வெளிச்சுக் கிடக்கோ, அந்த மருந்து கேக்கும். ஆனா அங்கிளின்ர கிருமி வளந்தால்தானே? மருந்து உடம்பில இருந்தால் தட்டில வளராது எண்டு எல்லா அன்ரிபயோட்டிக்கையும் நிப்பாட்டி வைச்சு எடுத்த சாம்பிளிலும் ஒண்டுமில்லை. தட்டு கழுவி வைச்ச மாதிரிக் கிடந்தது.

எங்கட ஆக்களை எனக்குத் தெரியாதோ? நேர வோர்ட்டுக்குப் போனன். அங்கிளின்ர மனுசி இராஜேஸ்வரி அன்ரி அவருக்கு வாயில இடியப்பம் தீத்திக்கொண்டு இருந்தா.

“அன்ரி, அங்கிளுக்கு வேற ஏதும் குடுக்கிறனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை. நான் என்னத்தைக் குடுக்கப்போறன்?”

சொல்லிக்கொண்டே சாப்பாட்டுப் பையைக் காலால கதிரைக்குக் கீழ தள்ளினா. நான் குனிஞ்சு எடுத்தன். உள்ள அன்ரிபயோட்டிக் குளிசை, அட்டை அட்டையா. யாழ்ப்பாணத்தில இருந்து அன்ரியின்ர தம்பி அனுப்பினதாம். நாளுக்கு ஒண்டு சாப்பாட்டோட போயிருக்கு.

“உங்களுக்கென்ன விசரா அன்ரி? இந்தக் குளிசை கிருமியைக் கொல்லவுமில்லை, எங்களை வளக்க விடவுமில்லை!”

அன்ரி அழுதுபோட்டா. “இருந்த மருந்தையும் நிப்பாட்டிப்போட்டியள். மனுசன்ர கால் அழுகிக் கிடக்கேக்க நான் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறதோ?”

நான் குளிசை அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்திட்டன்.

சேர்ஜனிட்டைக் கெஞ்சி இன்னும் கொஞ்ச நாள் வாங்கினன். குளிசை நிண்ட பிறகு எலும்பில இருந்து எடுத்த சாம்பிளில கிருமி வளந்தது. வட்டங்களை வைச்சுப்போட்டு அடுத்த நாள் காலமை தட்டை வெளிச்சத்தில பிடிச்சன். கிட்டத்தட்ட எல்லா வட்டத்தின்ர விளிம்பு வரைக்கும் கிருமி பாசி பிடிச்ச மாதிரி நிண்டுது. ஒரேயொரு வட்டத்தைச் சுத்தி மட்டும் நல்ல வெளி. ரூளரால அளந்தன். நம்பாமல் திரும்பவும் அளந்தன். போதும். அப்பாடா எண்டு அப்பிடியே இருந்திட்டன்.

அந்த மருந்து ஏறத் தொடங்கிக் கொஞ்ச நாளில வீக்கம் வத்திச்சுது. சேர்ஜன் ஒப்பரேசனை நிப்பாட்டினார். சொல்லுறதுக்கு நான்தான் போனன்.

“அங்கிள், காலை எடுக்கத் தேவையில்லை.”

அவர் மெல்லப் போர்வையை விலக்கிப் பாதத்தையே கனநேரம் பாத்தார்.

“வெட்டவேணும் எண்டு சொன்ன நாளில இருந்து நான் இதைப் பாக்கேல்லைப் பிள்ளை,” எண்டார்.

அன்ரி அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில தலையை வைச்சுப் படுத்திட்டா. நான் ஒருத்தரையும் ஏசாமல் வெளியில வந்து, நடைபாதையில நிண்டு நல்லா அழுதன்.